இடுப்புக்கு ஏற்ற துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமம் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றுதான்: உடையின் உள்ளே மறைத்து வைத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கியை வாங்குவது? வார நாட்களில் கம்ப்யூட்டரோடும் சனி ஞாயிறுகளில் ஹூஸ்டனுக்கு மேற்கே துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில் புதியவர்களோடும் மல்லுக்கட்டுகிறவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். விஷயம் இப்படிப்பட்டது என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஷுகர்லேண்ட் வாசகர்: சார், கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுப் பணத்தோடு தனியாகக் காருக்குப் போகவேண்டியிருக்கிறது. போன வருஷம் குடியுரிமை வந்துவிட்டது. கடைக்காரர் க்ளாக் 19 வாங்கச் சொல்கிறார். மச்சான் சிக் பி365 என்கிறான். உயரம் 5 அடி 6 அங்குலம், கொஞ்சம் தொப்பை உண்டு. எது நல்லது?

உங்கள் கடிதத்திலேயே மிகவும் உபயோகமான தகவல் அந்தத் தொப்பைதான். அதை எழுதாமல் துப்பாக்கியின் பெயரை மட்டும் எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரிவதில்லை.

இரண்டுமே நல்ல துப்பாக்கிகள், இரண்டுமே 9 மி.மீ. தோட்டா போடுபவை. க்ளாக் 19 வந்தது 1988இல். பேரல் என்னும் குழல் 4 அங்குலம், தோட்டாவை அடுக்கும் கூடான மேகசினில் 15 தோட்டா. முழுக்க நிரப்பினால் கிட்டத்தட்ட 850 கிராம் இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாகப் போலீஸிலும் வீட்டிலும் அடிபட்டுத் தேறிய சாமான். பி365 வந்தது 2018இல். அதற்கு முன் ஒல்லித் துப்பாக்கி வேண்டுமென்றால் 2012இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, 2015இல் வந்த க்ளாக் 43 மாதிரி ஆறு ஏழு தோட்டாவோடு திருப்தி அடையவேண்டும். சிக் கம்பெனிக்காரர்கள் ஏறக்குறைய அதே ஒரு அங்குலத் தடிமனில் பத்துத் தோட்டாவை அடுக்கிக் காட்டினார்கள். உடனே மற்றவர்களும் ஓடிவந்தார்கள். 2019இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021இல் ஷீல்டு ப்ளஸ். ஆகவே 'ஒல்லித் துப்பாக்கியில் தோட்டா பத்தாது' என்று உங்கள் கடைக்காரர் சொன்னால், அவர் பழைய சரக்கை அவிழ்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, உடையில் எது துருத்திக்கொண்டு தெரியும் என்று பார்ப்போம். எல்லோரும் பேரல் நீளத்தைப் பார்க்கிறார்கள். பேரல் பேண்ட்டுக்குள் போய்விடும், அது யார் கண்ணிலும் படாது. காட்டிக்கொடுப்பது கைப்பிடி. பெல்ட்டுக்கு மேலே நிற்கிற அந்தக் கிரிப்தான் நீங்கள் குனியும்போது சட்டையைக் கூடாரம் மாதிரி தூக்கும். க்ளாக் 19இன் கிரிப் நீளம், பி365இன் கிரிப் குட்டை. மறைப்பதற்குக் குட்டைதான் நல்லது. ஆனால் சுடும்போது சுண்டு விரல் பிடிக்க இடமில்லாமல் தொங்கும், துப்பாக்கி கையில் ஆடும். மறைக்க எது வசதியோ அது சுட வசதியில்லை, சுட எது வசதியோ அது மறைக்க வசதியில்லை. இந்த இழுபறிதான் முழு விஷயமும்.

சின்னத் துப்பாக்கி என்றால் சுலபமான துப்பாக்கி என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நிஜம் நேர் எதிர். எடை குறையக் குறைய, சுடும்போது கையில் வாங்கும் உதை கூடும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறைவதால், குறியில் ஒரு மயிரிழை பிசகினாலும் தோட்டா எங்கோ போகும். 7 கெஜத்தில் நின்று க்ளாக் 19ஆல் உள்ளங்கை அளவுக்குள் சுடுகிற அதே மாணவர், ருகர் எல்சிபி மாதிரி சட்டைப்பைத் துப்பாக்கியை எடுத்ததும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறடிப்பதை வாராவாரம் பார்க்கிறேன். அதோடு பத்துச் சுற்றுக்குப் பிறகு கை வலிக்கிறது என்று கீழே வைத்துவிடுவார். பயிற்சி அத்தோடு நின்றுபோகும்.

உங்களுக்கு என் யோசனை: இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பாருங்கள். பி365எக்ஸ்எல் என்று ஒன்று, 3.7 அங்குல பேரல், 12 தோட்டா, சுண்டு விரலும் உட்காரும் கிரிப். அல்லது 2019இல் வந்த க்ளாக் 43எக்ஸ், பத்துத் தோட்டா. புஷ் சட்டையை வெளியே விட்டு லூசாகப் போடுகிற ஆள் என்றால் க்ளாக் 19கூடத் தாராளமாக மறையும். ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள். மச்சான் கையும் உங்கள் கையும் ஒன்றில்லை.

தொப்பைக்கு வருகிறேன். இன்றைய யூடியூப் வாத்தியார்கள் எல்லோரும் தொப்புளுக்குப் பக்கத்தில் முன்புறமாக வைக்கச் சொல்வார்கள். ஒல்லி ஆட்களுக்கு அது அருமை. தொப்பை இருந்தால் கிரிப்பை வயிறு வெளியே தள்ளும், உட்கார்ந்தால் தொடையில் குத்தும். வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் கார் சீட் பெல்ட் மாட்டிய பிறகு அங்கிருந்து எடுப்பது சிரமம் என்பதும் தெரிந்திருக்கட்டும். வாங்கிய அன்றே, தோட்டா ஏற்றாமல், கடைக்குப் போடுகிற அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, கூலரின் கீழ்த்தட்டிலிருந்து பால் கேன் எடுக்கிற மாதிரி குனிந்து நிமிருங்கள். பின்னால் நின்று உங்கள் மனைவி பார்க்கட்டும். அவர் 'தெரியுது' என்றால் தெரிகிறது, விவாதமே வேண்டாம்.

துப்பாக்கிக்கு 500, 600 டாலர் ஆகும். அதோடு காசு தீர்ந்துவிட்டது என்று 15 டாலருக்குத் துணி உறை வாங்காதீர்கள். கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில், அந்த மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர் வேண்டும். விலை 60 முதல் 100 டாலர். ட்ரிகரை அது முழுக்க மூடவேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் விரல் போய்ச் சேரக்கூடாது. விறைப்பான பெல்ட்டும் வேண்டும். எடுக்கும்போதுதான் வேகம் தேவை. திரும்ப உறைக்குள் வைக்கும்போது அவசரமே இல்லை. குனிந்து பார்த்து, சட்டை நுனி உள்ளே மாட்டவில்லை என்று தெரிந்துகொண்டு, மெதுவாக வையுங்கள். தானாக வெடித்தது என்று சொல்லப்படுகிற கதைகளில் பல அந்த ஒரு நொடியில் நடப்பவை.

கடைசியாக, கேட்காததைச் சொல்கிறேன். பணப்பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இடுப்பில் இருப்பது உயிருக்கு, கல்லாவுக்கு இல்லை. பணத்தைப் பகலிலேயே பாங்கில் போடுவதும், பூட்டும்போது கூட ஓர் ஆளை நிறுத்திக்கொள்வதும் எந்த மாடலையும்விட நல்ல பாதுகாப்பு.

இர்விங் வாசகர்: எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் உரிமமே தேவையில்லை என்கிறார்களே, நான் வாங்கலாமா? இல்லையென்றால் சிட்டிசன் நண்பர் வாங்கித் தரலாமா?

முதல் கேள்விக்கு: பொதுவாக முடியாது. உரிமம் வேண்டாம் என்று 2021 செப்டம்பர் 1 முதல் சொல்வது டெக்சாஸ் சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக்கூடாது என்பது ஃபெடரல் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. துப்பாக்கிக் கடை கவுண்டரில் அதைச் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். கவுண்டரில் நிற்பவருக்கு எச்-1பி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் அந்தக் கதவைத் தட்டாதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம், கடையில் நிரப்புகிற படிவம் 4473இல் கிரீன் கார்டில் உள்ள உங்கள் ஏலியன் நம்பரை எழுதவேண்டும், அவ்வளவுதான். ஆனால் கிரீன் கார்டுக்காரர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றாலும் நாடு கடத்தப்படலாம்.

இரண்டாவது கேள்விக்கு: நண்பரை ஜெயிலுக்கு அனுப்ப ஆசையா? வாங்கக்கூடாதவருக்காக இன்னொருவர் வாங்கித் தருவதற்கு 2022இல் வந்த சட்டப்படி 15 வருஷம் வரை தண்டனை உண்டு.

ஃப்ரிஸ்கோ வாசகி: அண்ணா, நான் நைட் ஷிஃப்ட் நர்ஸ். பிஸ்டலின் மேல்பாகத்தை, அதாவது ஸ்லைடை, என்னால் பின்னால் இழுக்கவே முடியவில்லை. "லேடீஸுக்கு ரிவால்வர்தான் ஈஸி" என்று கணவர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கிவிடலாமா? சுடிதாரிலும் புடவையிலும் எப்படி வைத்துக்கொள்வது?

தங்கச்சி, முதலில் கணவரை அந்த ரிவால்வரால் அவரே ஒரு பெட்டி தோட்டா சுடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை மறுநாள் இந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.

அவர் பார்த்து வைத்திருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாதிரி ஒன்றாக இருக்கும். குட்டை பேரல், ஐந்து தோட்டா, எடை 15 அவுன்ஸுக்கும் கீழே. கடைக்காரர்கள் பெண்களுக்கென்று எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இதைத்தான். பார்க்க நன்றாக இருக்கும், ஸ்லைடு இல்லை, ஜாம் ஆவதும் குறைவு. ஆனால் ட்ரிகரை ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோ கனத்தை இழுப்பது போல் இழுக்கவேண்டும். இழுக்கிற இழுப்பிலேயே குறி ஆடிவிடும். எடை இல்லாததால் உதை சுருக்கென்று மணிக்கட்டில் ஏறும். திரும்பத் தோட்டா போடுவது தாமதம். இது கைபழகியவர்களின் துப்பாக்கி. ஆரம்பிக்கிறவர் கையில் கொடுப்பது அநியாயம்.

ஸ்லைடை இழுக்க முடியாததற்குப் பாதிக் காரணம் பலம் இல்லை, முறை. பெரும்பாலானவர்கள் கையை நீட்டி வைத்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஸ்லைடின் பின்நுனியைக் கிள்ளி இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் எனக்கும் வராது. துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. இடது கையின் நாலு விரலையும் ஸ்லைடு மேலே கவிழ்த்து அழுத்திப் பிடியுங்கள். இப்போது ஸ்லைடை இழுக்காமல், வலது கையால் துப்பாக்கியை முன்னால் குத்துங்கள். இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் போகும். என்னிடம் வந்த அறுபது வயது அம்மாக்கள் இப்படி இழுத்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

அப்படியும் வரவில்லையா, இதற்கென்றே செய்த பிஸ்டல்கள் இருக்கின்றன. ஷீல்டு ஈசட் என்று ஒரு மாடல், 9 மி.மீ.யைவிட வலுக்குறைந்த .380 தோட்டாவில் 2018இலும் 9 மி.மீ. அளவில் 2020இலும் வந்தது. ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும், மேகசினைப் பிடித்துக் கீழே அழுத்த ஒரு பொத்தானும் உண்டு. பி365இலும் .380 இருக்கிறது, அதை இழுப்பதும் லேசு. கொஞ்சம் பெரியதாக வேண்டுமானால் வால்தர் பிடிபி எஃப் வரிசை, சின்னக் கைகளை அளந்து செய்தது. நகம் உடையாமல் மேகசின் நிரப்ப ஒரு சின்னக் கருவி 30 டாலர் சுமாரில் கிடைக்கும். அதற்குச் செலவு பண்ணத் தயங்கவேண்டாம்.

உடை விஷயம் கஷ்டம்தான், பூசி மெழுகமாட்டேன். சுடிதாரின் நாடா எந்த ஹோல்ஸ்டரையும் தாங்காது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலத் துணிப் பட்டை கிடைக்கிறது. அதில் ட்ரிகரை மூட உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டாப்ஸ் நீளமாக இருப்பதால் நன்றாக மறையும், ஆனால் எடுக்கும்போது அத்தனை துணியையும் இடது கையால் மார்பு வரை சுருட்டித் தூக்கவேண்டும். வீட்டில் காலித் துப்பாக்கியோடு பழகாமல் அது வராது. புடவையில்? கொசுவமும் முந்தானையும் சேர்ந்து எடுக்கவே விடாது. புடவை கட்டுகிற அன்று அதை வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போங்கள்.

ஹேண்ட்பேக்கில் வைப்பது மட்டும் வேண்டாம், குழந்தை இருக்கிற வீடென்றால் கண்டிப்பாக வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் கைப்பைக்குள் இரண்டு வயது மகன் கைவிட்டான். துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அது துப்பாக்கி வைக்கவே தனி ஜிப் போட்டுச் செய்த பை.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குள் நீங்கள் கொண்டுபோக அனேகமாக விடமாட்டார்கள். டெக்சாஸில் வேலைக்காரர் தன் காருக்குள் பூட்டி வைத்துக்கொள்வதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது, 2011இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நீங்கள் பயப்படுவது ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கார் வரைக்கும் உள்ள தூரத்துக்கு என்றால், துப்பாக்கி அந்தத் தூரத்தின் தப்பான முனையில் அல்லவா இருக்கிறது? அந்த நடைக்கு ஒரு நல்ல டார்ச், கைக்கடக்கமான பெப்பர் ஸ்பிரே, கூட வர ஒரு செக்யூரிட்டி. ஸ்பிரே கொண்டுவரலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின் வாசகர்: .380 என்றால் கொசு மருந்து, .45தான் ஆண்பிள்ளைத் துப்பாக்கி என்று ஆபீஸில் கிண்டல் செய்கிறார்கள். 9 மி.மீ. போதுமா?

போதும். இந்தச் சண்டைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஏஜென்டுகள் இருவர் இறந்தார்கள். 9 மி.மீ. தோட்டா ஒன்று கொள்ளையன் ஒருவன் கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போயும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். பழியைத் தோட்டாவின் மேல் போட்டு இன்னும் பெரிய 10 மி.மீ. தோட்டாவுக்கும், பிறகு .40க்கும் போனார்கள். அந்தச் சம்பவத்திலிருந்து பிறந்ததுதான், தோட்டா ஜெல்லிக் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் போகவேண்டும் என்ற எஃப்பிஐ அளவுகோல். அதை மனதில் வைத்தே கம்பெனிகள் 9 மி.மீ. தோட்டாக்களைத் திருத்தித் திருத்திச் செய்தன. உதை குறைவு, மேகசினில் நிறையப் பிடிக்கும், ஏஜென்டுகள் குறி தவறாமல் சுடுகிறார்கள் என்று 2014இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே 9 மி.மீ.க்கு ஆதரவாக எழுதியது. பிறகு அவர்களும் திரும்ப வந்துவிட்டார்கள்.

.380 அந்த அளவுகோலின் விளிம்பில் தடவிக்கொண்டு நிற்கும். ஆனால் நர்ஸ் தங்கை மாதிரி ஒருவர் அதில்தான் நன்றாகச் சுடுகிறார் என்றால் அவருக்கு அதுதான் சரி. ஆபீஸ் கிண்டல்காரரை ஒருநாள் ரேஞ்சுக்குக் கூட்டி வாருங்கள். .45ஆல் அவர் டார்கெட்டைத் தொடுகிறாரா என்று பார்க்க எனக்கும் ஆசை.

எடிசன் வாசகர்: டெக்சாஸ் கதையே சொல்கிறீர்களே, நியூ ஜெர்சியில் நாங்கள் என்ன செய்வது?

வெளியே துப்பாக்கி வைத்துக்கொள்வதும் உரிமைதான் என்று 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட் சொன்ன புரூயன் தீர்ப்புக்குப் பிறகு உங்கள் ஊரிலும் உரிமம் கிடைக்கிறது. ஆனால் அங்கே துப்பாக்கியைச் சட்டமே தேர்ந்தெடுக்கும். மேகசினில் பத்துக்கு மேல் கூடாது, ஆகவே க்ளாக் 19 வாங்கினாலும் பத்துத்தான். அந்தப் பருமனைச் சுமப்பதில் அர்த்தமில்லை, பி365 அல்லது 43எக்ஸ் பக்கம் போங்கள். ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதிச் சீட்டு. முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாவை வீட்டில் வைக்கலாம், இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனால் வம்பு. முனையில் பாலிமர் அடைத்த தோட்டாவை மாநிலப் போலீஸ் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, பலரும் அதைத்தான் போடுகிறார்கள். எதற்கும் உங்கள் வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் நண்பர்களுக்கும் சேர்த்து: நம் உரிமம் நியூ ஜெர்சியில் செல்லாது. கல்யாணத்துக்குக் காரில் கிளம்பும்போது இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டி வாசகர்: வீட்டில் 6 வயதில் ஒன்று, 11இல் ஒன்று. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருக்கிறார்கள். எப்படி வைப்பது? அப்பாவுக்கு ரேஞ்சில் ஒருதரம் சுட்டுப் பார்க்க ஆசை.

அலமாரியின் மேல்தட்டு, மெத்தையின் அடி, அம்மாவின் புடவைகளுக்கு நடுவில், இவை எதுவும் இடமே இல்லை. தீபாவளிப் பலகாரத்தை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் இவர்கள். சின்ன இரும்புப் பெட்டி, விரலால் அழுத்தும் பொத்தான் பூட்டு, கட்டில் காலோடு கேபிள் கட்டி வையுங்கள். ஒன்று உங்கள் உடம்பில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அந்தப் பெட்டியில். மூன்றாவது இடம் கிடையாது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டாலே டெக்சாஸில் குற்றம். பிள்ளை எடுத்துச் சுட்டு யாருக்காவது பலத்த காயம் என்றால் தண்டனை இன்னும் பெரிது. நம்பர் எதுவென்று தாத்தா பாட்டிக்கும் சொல்லவேண்டாம், பேரன் கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் பி-2 என்னும் சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார். இர்விங் வாசகருக்குச் சொன்ன தடை அவருக்கும் பொருந்தும். ரேஞ்சில் கையில் வாங்கி ஒரு போட்டோ எடுப்பதுகூட அந்தத் தடைக்குள்தான் வரும். லாஸ் வேகாஸில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் சுடுகிறார்களே என்றால், அவர்களில் பலர் விசாவே இல்லாமல் வரும் திட்டத்தில் வருகிறவர்கள், அந்தத் தடை அவர்களைத் தொடாது. நம்மவர்கள் விசா குத்தி வருகிறார்கள். அப்பாவை நாசா பார்க்கக் கூட்டிப் போங்கள்.

பியர்லேண்ட் வாசகர்: கோயிலுக்கு வைத்துக்கொண்டு போகலாமா? தமிழ்ப் பள்ளிக்கு?

உரிமம் உள்ளவர் வழிபாட்டுத் தலத்துக்குள் கொண்டுபோவதை டெக்சாஸ் 2019இலிருந்து அனுமதிக்கிறது. ஆனால் நிர்வாகம் வேண்டாம் என்று பலகை வைத்தால் அதுதான் முடிவு. வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற சட்டப் பிரிவு எண்களோடு, துப்பாக்கி கூடாது என்னும் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பழகுங்கள். என்னைக் கேட்டால் கோயிலில் வேண்டாம். அங்கப்பிரதட்சணம் எல்லாம் இருக்கிறது.

தமிழ்ப் பள்ளிகள் பல சனி ஞாயிறில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடக் கட்டிடத்தில்தான் நடக்கின்றன. கட்டிடத்துக்குள் கண்டிப்பாகக் கூடாது, சிறைக்குப் போகிற குற்றம். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் ஃபெடரல் தடை ஒன்று தனியாக இருக்கிறது, மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு. உரிமமே தேவையில்லாத டெக்சாஸில் 40 டாலர் கட்டி ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். பரீட்சையும் பயமுறுத்துகிற மாதிரி இல்லை: 50 தோட்டா, 3, 7, 15 கெஜத்திலிருந்து, 250க்கு 175 எடுத்தால் பாஸ்.

மதுரை வாசகர்: உங்கள் பத்தியை இங்கே நெட்டில் படிக்கிறேன். க்ளாக் இங்கே வாங்க முடியுமா?

9 மி.மீ. இந்தியாவில் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸுக்கு வராது. உயிருக்கு ஆபத்து என்று நிரூபித்து லைசென்ஸ் வாங்குகிற கொஞ்சம் பேர் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் போன்றவற்றை வைத்திருக்கிறார்கள். அவர்களும் தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கவேண்டியிருக்கும். இந்தப் பத்தியைக் கதை மாதிரி படியுங்கள் அண்ணாச்சி.

டாலஸ் வாசகர்: டிசம்பரில் சென்னை போகிறோம். துப்பாக்கியை நண்பர் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா? வேறு எதைக் கவனிக்கவேண்டும்?

துப்பாக்கியை உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே பூட்டிவிட்டுப் போங்கள், நண்பரின் விசா நிலை நமக்கு எதற்கு? கவனிக்கவேண்டியது பையை. ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற முதுகுப்பையை அப்படியே காலி செய்து ஊருக்கு எடுத்துப் போகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அடியில் லைனிங் கிழிந்த இடத்தில் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருக்கும். அமெரிக்க ஸ்கேனர் கண்ணில் அது படாமலே போகலாம். திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் பட்டுவிடும். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் தோட்டா மட்டும் இருந்தாலும் வழக்குத்தான். தெரிந்து வைத்திருக்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லி விடுபட வழி உண்டு, ஆனால் அதற்குள் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், லீவு எத்தனை நாள் நீளும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்சுக்கு என்று கண்ணில் உறுத்துகிற நிறத்தில் தனிப் பை வாங்குங்கள், அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். ஊருக்குப் போகிற பையைத் தலைகீழாகத் தட்டி, ஒவ்வொரு ஜிப்பிலும் விரலை விட்டுத் துழாவுங்கள். ரேஞ்சுக்குப் போட்ட ஜாக்கெட், ஜீன்ஸ் பைகளையும் பாருங்கள். சுட்ட தோட்டாவின் காலிக் குப்பியை நினைவுக்கு என்று பிள்ளைகள் எடுத்து வைத்திருப்பார்கள், அவர்களுடைய பள்ளிப் பையையும் சேர்த்துப் பாருங்கள்.